வரியில் விரல் வை

எங்கள் வேதபாடக் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. யார் எதைச் சொன்னாலும், அது எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியில் விரல் வைத்துச் சொல்ல வேண்டும். விரல் வைக்க இடம் இல்லையென்றால் பேசாமல் இருக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சபை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடந்த பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டு வந்து, கிள்ளானில் என் அக்கா வீட்டில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடும் பெண்களிடம் புகுத்தியவள் நான்தான். நானே அதில் மாட்டிக்கொள்வேன் என்று அப்போது நினைக்கவில்லை.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பைபிளில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். முதலில் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்ப்போம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எங்கே, எப்போது, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்பிறகு, அதை முதன்முதலில் கேட்டவர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்று யோசிப்போம். எனக்கு என்ன சொல்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். நம் ஆட்களுக்கு இது பிடிக்காது. நமக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி, பல பேருக்கு அது ஒன்றுதான் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து, கண்ணில் பட்ட வசனத்தை வைத்து மகனுக்குப் பார்த்த பெண்ணை வேண்டாம் என்று சொன்ன குடும்பம் எனக்குத் தெரியும்.

இன்னொரு விதியும் உண்டு, அது நடத்துகிறவருக்கு. அவர் பதில் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும்தான் கேட்கலாம். வாயை மூடத் தெரியாத எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பங்சாரில் ஒரு வக்கீல் ஆபீஸில் பல வருஷமாக வேலை செய்கிறேன். எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் என்ன சொல்வான் என்று முடிவு கட்டிவிடுகிற புத்தி எனக்கு அங்கேயே படிந்துபோய்விட்டது.

போன வருஷம் நடுவில் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி என்று தெரிந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பெண், பாதி மலாய் மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கினாள். இப்போது சின்னதாக இருக்கிறது, எடுத்துவிட்டால் நல்லது, வளர விட்டால் என் கையில் இல்லை என்றாள். ஆபரேஷனுக்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். அக்கா அந்தத் துண்டுச் சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "நான் போகல" என்றாள்.

காரணம் அந்தப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்கள் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பியிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் உனக்குச் சொல்வது. எனக்கு அந்த வருஷம் விரோதிகளையெல்லாம் காலடியில் போடுவதாக ஒன்று வந்தது. என் கார் நிறுத்தும் இடத்தில் தன் வண்டியை விடும் கீழ்வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். அவர் இன்றுவரை விடுகிறார். அக்காவின் அட்டையில், உன் ஜெபத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைப் பார்த்தேன், உன்னைச் சுகமாக்குவேன் என்று இருந்தது. அட்டையை எடுத்தபோது அவளுக்கு ஒரு நோயும் இல்லை. இது எதற்கு எனக்கு என்று சிரித்தாள். ஆறு மாதம் கழித்துக் கட்டி வந்ததும், ஆண்டவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று நம்பிவிட்டாள்.

அவளை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் விடியுமுன் எழுந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி நாலு கடைகளுக்குக் கொடுத்து மகனைப் படிக்க வைத்தவள். அவன் வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த வருஷம், மூடின கதவு திறக்கும் என்று ஓர் அட்டை வந்தது. அந்த வருஷமே ஜொகூரில் வேலை கிடைத்துப் போனான். அட்டை அவளை ஏமாற்றியதே இல்லை. ஆஸ்பத்திரிதான் ஏமாற்றியிருந்தது. நெஞ்சு வலி என்று அதே ஆஸ்பத்திரிக்குப் போன மாமா, அவள் புருஷன், திரும்பி வரவில்லை. அன்றைக்கு நான் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன், நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் போனில் சண்டை. நான் மார்பகப் புற்றிலிருந்து பிழைத்தவர்களின் வீடியோக்களை அனுப்பினேன். தனியார் டாக்டர் நம்பர்களை அனுப்பினேன். அந்த வசனம் உனக்குச் சொன்னதே இல்லை என்று கத்தினேன். "நீ பைபிள வக்கீல் நோட்டீஸ் மாதிரி படிக்கிற. எனக்கு அப்படிப் படிக்கத் தெரியாது" என்று போனை வைத்துவிட்டாள். அவளுக்குப் பின்பாட்டுப் பாட எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார். வயதில் எல்லாருக்கும் மூத்தவர், எந்த வாக்கியத்தையும் ஸ்தோத்திரம் என்று தொடங்குகிறவர். நான் என் மனசுக்குள் அவருக்கு ஸ்தோத்திரம் ஆன்டி என்றே பேர் வைத்திருந்தேன். "ஸ்தோத்திரம், ஆண்டவர் சுகமாக்குவேன்னு சொன்ன ஒடம்புல கத்தி வெச்சா அப்புறம் விசுவாசம் எங்கம்மா இருக்கு" என்று அவர் அக்காவிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழனுக்கு முந்தின செவ்வாய் வந்தது. அந்த வாரப் பாடமாக வேறு ஒரு பகுதியைத்தான் போட்டிருந்தோம். யாரிடமும் சொல்லாமல் மாற்றினேன். அக்காவின் அட்டை வசனம் வருகிற இடம் ராஜாக்களின் கதை சொல்லும் ஒரு புத்தகம். எருசலேமில் ஒரு ராஜா சாகக் கிடக்கிறான். அந்தப் பகுதியை ஆபீஸில் அடித்து எடுத்தேன். இப்படிப் படிக்கும்போது பைபிளில் படிக்காமல் தாளில் அடித்துக் கொடுப்போம். வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு, எண்களை எடுத்துவிட்டு, கலர் பென்சிலால் கோடு போட வசதியாக. ஸ்தோத்திரம் ஆன்டிக்குக் கண் சரியில்லை என்பதால் எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒரு பக்கத்தில் ஆறு வசனம்தான் அடங்கியது. எனக்கு வேண்டியது அதற்குள் வந்துவிட்டது, அதோடு நிறுத்திவிட்டேன்.

நான் கேட்கப் போகிற ஒரே கேள்வி எனக்குத் தெரிந்திருந்தது. இது யாரிடம் சொல்லப்பட்டது? பதில், ஒரு ராஜாவிடம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால், இன்னொரு தேசத்தில். அக்கா தன் விரலாலேயே அதைத் தொட்டுத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். நான் சொல்லிக் கேட்காதவள், வரி சொன்னால் கேட்பாள்.

கே.எல். சென்ட்ரலில் ஏறிய ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. வெளியே மழை. சிக்னல் கோளாறு என்று மலாயில் அறிவித்தார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஸ்தோத்திரம் ஆன்டி போய்ச் சேர்ந்து, உபவாசம் இருப்போம் ஜெபிப்போம் என்று ஆரம்பித்துவிட்டால் இந்தச் சாயங்காலமும் போச்சு, அடுத்தது வியாழக்கிழமைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா போன அன்றைக்கு இதே பாதையில் இதே மாதிரி நின்ற ரயில் ஞாபகம் வந்தது. அதை நினைக்கப் பிடிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நான் போனபோது எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாரும் என்றால் அக்கா, ஆன்டி, பாலர் பள்ளி டீச்சர் ஒருத்தி, போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி. மேசை மேல் உருளைக்கிழங்கு அடைத்த கரிபாப்பும் தேத்தண்ணீரும் இருந்தன. நல்லவேளை, இன்னும் ஜெபம் ஆரம்பிக்கவில்லை. தலையைக்கூடத் துவட்டாமல் தாள்களைக் கொடுத்தேன்.

அக்கா முதல் இரண்டு வரியைப் படித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஒன்றும் சொல்லாமல் சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"இங்க யார் யார் இருக்காங்க?" என்று ஆரம்பித்தேன்.

ராஜா என்றாள் டீச்சர். தீர்க்கதரிசி என்றாள் கிடங்குப் பெண். தீர்க்கதரிசி வந்து, நீ பிழைக்க மாட்டாய், வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா என்ன செய்கிறான் என்று கேட்டேன். "செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறான்" என்று அக்கா வரியில் விரல் வைத்தாள். "அழுவுறான். ரொம்ப அழுவுறான்னு போட்டிருக்கு." அவள் விரல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. போன தீர்க்கதரிசி பாதி முற்றத்திலிருந்து திரும்பி வருகிறார். ஜெபத்தைக் கேட்டேன், கண்ணீரைப் பார்த்தேன், சுகமாக்குவேன். ஆன்டி மெதுவாக ஸ்தோத்திரம் என்றார்.

இப்போது கேட்க வேண்டும். "இது யார்கிட்ட சொன்னது?"

எல்லாரும் அக்காவைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அக்கா விரலை நகர்த்தினாள். "ராஜாகிட்ட."

"வேற யார்கிட்டயாவது சொன்ன மாதிரி இருக்கா?"

தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். "இல்ல" என்றாள். பிறகு, "அப்ப எனக்கு இல்ல" என்றாள்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். காந்தம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து அட்டையை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். மூன்று வாரம் கத்தியும் நடக்காதது ஒரே கேள்வியில் நடந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் சரி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்பது இல்லை. இனி எதற்கும் எங்கும் போக வேண்டியதில்லை என்பதுதான் இருந்தது.

"ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்த ஆன்டி அதை முடிக்காமல் விட்டார். "அவளுக்கு இருந்தது அது ஒண்ணுதான்மா. அதையும் புடுங்கிட்டியே" என்றார். டீச்சர் கலர் பென்சில்களைப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தில், நீங்கள் அவளைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று ஆன்டியைக் கேட்டுவிடலாம் போல் இருந்தது. வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அக்கா தன் பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது பெரிய பைபிள், மாமா வாங்கிக் கொடுத்தது, ஓரமெல்லாம் சமையல் சம்பலின் மிளகாய்க் கறை. அதைத் தாளுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"பேப்பர்ல பாதிதான் இருக்கு" என்றாள் என்னிடம். "கார்டுல ஒரே ஒரு வரிதான் இருக்கு, முன்ன பின்ன படிக்கலன்னு என்னைத் திட்டுனியே. நீ மட்டும் என்ன லா, ஆறு வரியில நிறுத்திட்ட. அப்புறம் என்ன ஆச்சு அந்த ஆளுக்கு?"

கதை தெரியும், பிழைத்துக்கொள்கிறான் என்று தெரியும். ஆனால் அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் வாதம் முடிந்த இடத்தில் என் கண்ணும் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் முழுசாகப் படி என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

அக்கா நின்றபடியே, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தாள். படித்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மறுபடி அதே இடத்தைப் படித்தாள்.

"அத்திப்பழ அடை கொண்டு வாங்கன்னு சொல்றாரு" என்றாள்.

"யாரு?" என்றார் ஆன்டி.

"தீர்க்கதரிசிதான். அதைக் கொண்டு வந்து ராஜாவோட கட்டி மேல பத்து போட்டாங்களாம். அப்புறம்தான் பொழச்சானாம்."

ஆன்டி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "எங்க, விரல் வை" என்றார். அக்கா வைத்தாள். ஆன்டி அவள் விரலுக்குக் கீழே குனிந்து உதட்டை அசைத்துப் படித்தார். மேலே ஏறி வாக்குத்தத்த வசனத்தைப் படித்தார். மறுபடி கீழே வந்தார். "சுகமாக்குவேன்னு சொன்னதுக்கு அப்புறமா பத்து போட்டாங்க?" என்று கேட்டார்.

"கீழதான ஆன்டி இருக்கு" என்றாள் அக்கா.

ஆன்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி மேலிருந்து படித்தார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. பார்த்தாயா, மருந்து, வைத்தியம், ஆண்டவர் வாக்கும் கொடுத்தார் பத்தும் போடச் சொன்னார், ஆபரேஷனும் அதுதான் என்று மூச்சுவிடாமல் சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. நடத்துகிறவர் பதில் சொல்லக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன். இன்னொரு தடவை நான் வாயைத் திறந்து இவளை இழக்க மாட்டேன் என்று மட்டும் தோன்றியது. எனக்கு அனுமதி கேள்விக்கு மட்டும்தான், அதைக் கேட்டேன். "வேற என்னக்கா தெரியுது அங்க?"

அக்கா முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். வெளியே மழை விட்டிருந்தது. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ராஜா எந்திரிச்சுப் போகல" என்றாள்.

விரலை மறுபடி மேலே கொண்டுபோய் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"அவன் செவத்தப் பாத்துப் படுத்தவன் படுத்தவன்தான். பழம் வாங்க அவன் போகல. அடை தட்டுனது அவன் இல்ல. அவங்க கொண்டு வந்தாங்கன்னு போட்டிருக்கு. அவங்க போட்டாங்கன்னு போட்டிருக்கு." விரல் வரியோடு நகர்ந்தது. "அவங்க யாருன்னு பேரு போடல. வீட்டு ஆளுங்களா இருக்கும், அரமனையில வேலை செய்யறவங்களா இருக்கும். ஆனா யாரோ இருந்திருக்காங்க."

பிறகு தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள். "அவரு போன அன்னிக்கு அந்த வராந்தாவுல நான் ஒருத்திதான் உக்காந்திருந்தேன். நர்ஸ் வந்து கூட யாரு இருக்காங்கன்னு கேட்டா. யாரும் இல்லன்னு சொன்னேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னா." பைபிளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எனக்குக் கத்திக்குப் பயம் இல்ல. அந்த வராந்தாவுக்கு ஒத்தையில போக முடியாது என்னால. அதான் கார்டப் புடிச்சிக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வாரம். எத்தனை வீடியோ, எத்தனை நம்பர், எத்தனை வாதம். வியாழக்கிழமை நான் லீவு போட்டுக்கொண்டு உன்னோடு வருகிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம் அதில் இல்லை. சொல்லாமலேயே அவளுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேனா, அல்லது அவள் முதலில் ஒத்துக்கொள்ளட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தேனா, எனக்கே தெரியவில்லை.

அக்கா நிமிர்ந்தாள். "வியாழக்கெழம யாரு வரா?" என்று கேட்டாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் ஆபீஸில் எல்லாரையும் முந்திக்கொண்டு பேசுகிற நான் அந்த நேரம் பார்த்துப் பிந்திவிட்டேன்.

"நான் வரேன்மா" என்றார் ஸ்தோத்திரம் ஆன்டி. முன்னால் ஸ்தோத்திரம் போடாமல் சொன்னார். "மகன்கிட்ட சொல்றேன், காடி ஓட்டிட்டு வருவான். காலைல எத்தனை மணிக்கு?" கிடங்கு வேலைக்காரப் பெண், எனக்கு மத்தியான ஷிப்ட்தான், காலையில் வரலாம் என்றாள். டீச்சர் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவதாகச் சொன்னாள். எனக்கு ஆன்டி மேல் பொறாமையாக இருந்தது, அந்த நேரத்திலும்கூட. என் அக்காவுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியதை அந்த மனுஷி சொல்லிவிட்டார்.

"நானும் வரேன்க்கா. ராத்திரியும் இருப்பேன். எத்தனை நாளானாலும்" என்றேன் ஒருவழியாக.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இன்னும் இருந்தது, ஆனாலும் வாயோரத்தில் அந்தப் பழைய கேலியும் வந்திருந்தது. பைபிளை என் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"விரல் எங்க?" என்றாள்.

சம்பல் கறை படிந்த அந்தப் பக்கத்தில், அவங்க கொண்டு வந்தாங்க என்று அவள் சொன்ன இடத்தைத் தேடினேன். கண் கலங்கியிருந்ததால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்து, விரலை அந்த வரியில் வைத்தாள்.